மோதிரங்களைக் கடைசியில் எண்ணுங்கள்: சிறந்த குவாட்டர்பேக்குகளை வரிசைப்படுத்த ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கிய எவரும் ஒரு பருவம் முடிவதற்குள் இந்த வாதத்தில் சிக்கிக்கொள்வார்கள்: இதுவரை ஆடியவர்களில் தலைசிறந்த குவாட்டர்பேக் யார்? பெரும்பாலோர் டாம் பிரேடி என்று சொல்லி, "ஏழு சூப்பர் பவுல்", அதாவது பருவத்தின் இறுதி ஆட்டத்தில் ஏழு வெற்றி, என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். விடை சரியாகவே இருக்கலாம். காரணம்தான் போதவில்லை. கோப்பைதான் அளவுகோல் என்றால் டெர்ரி பிராட்ஷாவிடம் நான்கு இருக்கின்றன, டேன் மரினோவிடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிராட்ஷாவை மரினோவுக்கு மேலே வைக்கச் சொன்னால் ஆட்டம் தெரிந்தவர்களின் கை தயங்கும். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்களைப் பிரித்தெடுத்துவிட்டால் பட்டியல் போடுவது பெரிய வித்தை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மூன்று மாலை நேரங்களும் போதும்.

முதலில் வேலை என்னவென்று பாருங்கள்

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு கிடைக்கும். இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்விட்டால் டச்டவுன், 6 புள்ளிகள். அது முடியாதபோது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளிகள் எடுக்கலாம். ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் குவாட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகின்றன. அவர் அதை இன்னொருவரிடம் கொடுத்து ஓடவிடலாம், தானே ஓடலாம், எறியலாம். எறிவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நொடிக்கும் குறைவு. அதற்குள் நூறு கிலோவைத் தாண்டிய ஆட்கள் அவரைச் சாய்க்க வந்துவிடுவார்கள். எறிவதற்கு முன் சாய்த்துவிட்டால் அது சாக். எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன்.

அணியிலேயே அதிகம் தீர்மானிப்பவர் அவர்தான். ஆனால் அவர் களத்தில் இருப்பது ஏறத்தாழ பாதி நேரமே. எதிரணி ஆடும்போது ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி 16 ஆட்டங்களில் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மொத்தமே 165 புள்ளிகள். அந்தத் தடுப்பாட்டத்தின் வலுவில் சூப்பர் பவுலையும் வென்றது. குவாட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபர். வென்ற பிறகு அணி அவரை அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ளவே இல்லை. கோப்பையில் அவருக்கு எவ்வளவு பங்கு என்று கூட இருந்தவர்களே சொல்லிவிட்டார்கள். நாம் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

பெயர்களுக்கு முன் கேள்வியை எழுதுங்கள்

பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெயர்களை எழுதிவிட்டுப் பிறகு நியாயம் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் கேள்வி எது? மொத்த வாழ்நாள் சாதனையா, உச்சத்தில் இருந்த நான்கைந்து ஆண்டுகளா? இரண்டுக்கும் வெவ்வேறு விடைகள் வரும். வாழ்நாள் கணக்கில் 80,358 யார்டு எறிந்த ட்ரூ பிரீஸ் மிக உயரத்தில் இருப்பார். உச்சத்தை மட்டும் பார்த்தால் 1990களின் முதல் பாதியில் ஆடிய ஸ்டீவ் யங் அவரைத் தாண்டிவிடுவார். நான் வாழ்நாளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, உச்சத்துக்கு ஒரு பங்கு தருகிறேன். உங்கள் பங்கீடு வேறாக இருக்கலாம். அதைப் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

எந்த லீக்கைக் கணக்கில் எடுப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆட்டோ கிரஹாம் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 1946 முதல் 1955 வரை 10 பருவங்கள் ஆடினார். பத்திலும் இறுதி ஆட்டத்துக்குப் போனார், ஏழில் வென்றார். ஆனால் அவற்றில் முதல் நான்கு, என்எஃப்எல்லுக்குப் போட்டியாக நடந்த ஏஏஎஃப்சி என்ற லீக்கில் வந்தவை. வாரன் மூன் கதை இன்னும் கசப்பானது. கறுப்பினத்தவர்களைக் குவாட்டர்பேக்காக ஏற்க அணிகள் தயங்கிய காலம் அது. 1978இல், அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் வீரர் தேர்வில், என்எஃப்எல் அணிகள் எதுவும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பையை வென்ற பிறகு, 1984இல்தான் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணிக்காக என்எஃப்எல்லில் காலடி வைத்தார். அப்படியும் 49,325 யார்டு எறிந்தார். என்எஃப்எல் எண்களை மட்டும் பார்த்தால், கதவைச் சாத்தியவர்களின் தவற்றுக்கு ஆட்டக்காரரின் கணக்கில் கழிப்பதாகிவிடும். கனடா ஆண்டுகளுக்குப் பாதி மதிப்பாவது கொடுங்கள் என்பேன்.

ஒருவரை அவர் காலத்தவரோடு மட்டும் ஒப்பிடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகமாக வழுக்கி விழும் இடம் இதுதான். இன்றைய எண்களையும் 1960களின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையவர்கள் எல்லாரும் சுமாரானவர்களாகத் தெரிவார்கள். ஆட்டமே மாறிவிட்டது என்பதுதான் உண்மை. பருவத்துக்கு 12 ஆட்டங்கள் என்றிருந்தது 14 ஆகி, 1978இல் 16 ஆகி, 2021 முதல் 17 ஆகியிருக்கிறது. அதே 1978இல் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. பந்து பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு அப்பால் தடுப்பாளர் இடிக்கக் கூடாது என்றார்கள். குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசைக்காரர்கள் கையை நீட்டித் தடுக்கலாம் என்றார்கள். 2004இல் இவற்றில் முதல் விதியையே இன்னும் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகு எறிபந்து ஆட்டம் கரைபுரண்டு ஓடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குவாட்டர்பேக்கை அளக்க எனக்குப் பிடித்த அளவு, ஒவ்வொரு முயற்சிக்கும் கிடைத்த நிகர யார்டு. எறிந்து கிடைத்த யார்டுகளோடு டச்டவுனுக்கு 20 வீதம் கூட்டுங்கள். இன்டர்செப்ஷனுக்கு 45 வீதம் கழியுங்கள். சாக்கில் இழந்த யார்டுகளையும் கழியுங்கள். வந்ததை, எறிந்த தடவைகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுங்கள்.

1984இல் மயாமி டால்ஃபின்ஸின் மரினோ: 564 தடவை எறிந்து 5,084 யார்டு, 48 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன், 13 சாக்கில் 120 யார்டு இழப்பு. வகுத்தால் 8.94 வருகிறது. 2018இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ்: 580 தடவை, 5,097 யார்டு, 50 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், 26 சாக்கில் 171 யார்டு இழப்பு. 8.89. இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகின்றன. ஆனால் 1984இல் லீக் சராசரி ஐந்தை ஒட்டி இருந்தது, 2018இல் ஆறைத் தாண்டிவிட்டது. தன் காலத்தவரை விட்டு மரினோ எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பது இப்போது தெரிகிறது. அவருடைய 5,084 என்ற சாதனை 27 ஆண்டுகள் நின்றது. 2011இல் அதை பிரீஸ், பிரேடி இருவரும் ஒரே பருவத்தில் தாண்டினார்கள்.

இதை ஒவ்வொருவருக்கும் கையால் செய்ய வேண்டாம். ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தில் லீக் சராசரியை 100 என்று வைத்துத் திருத்திய எண்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் இருக்கின்றன. உங்கள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் 120ஐத் தாண்டிய பருவங்கள் எத்தனை என்று குறித்தால் போதும். மிகப் பழையவர்களுக்குச் சாக் கணக்கு முழுமையாகக் கிடைக்காது. அவர்கள் விஷயத்தில், லீக்கிலேயே முதலிடம் பிடித்த பருவங்களை எண்ணுங்கள். ஜானி யூனைடஸ் 1959இல் 12 ஆட்டங்களில் 32 டச்டவுன் எறிந்தார். தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த அவருடைய சாதனையை 2012 வரை ஒருவரும் தொடவில்லை. சராசரியை 100 என்று வைக்காமலேயே விஷயம் புரிந்துவிடும்.

தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டும் பாஸர் ரேட்டிங் பற்றி ஒரு வார்த்தை. 1973இல் வந்த அந்த அளவின் உச்சம் 158.3. சாக், ஓட்டம் இரண்டும் அதில் இல்லை. எறியும் பந்தையெல்லாம் தரையில் அடித்தால்கூட 39.6 கிடைக்கும் என்பது அதன் வேடிக்கை. ஒரு பருவத்துக்குள் இருவரை ஒப்பிட உதவும். காலம் கடந்து ஒப்பிட உதவாது. 1970களின் சராசரி 65ஐ ஒட்டி இருந்தது, இப்போது 90ஐ ஒட்டி இருக்கிறது.

அவர் இல்லாதபோது என்ன ஆனது?

அணியின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஓர் எளிய சோதனை உண்டு. அந்தக் குவாட்டர்பேக் காயம்பட்டு வெளியே உட்கார்ந்த பருவத்தைத் தேடிப் பிடியுங்கள்.

2007இல் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களையும் வென்றது. 2008இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் போனது. மாற்று ஆட்டக்காரர் மேட் காசெலோடு அந்த அணி 11 ஆட்டங்களில் வென்று, 5இல் தோற்றது. சரிவுதான், ஆனால் கவிழவில்லை. பேட்டன் மேனிங்கின் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸைப் பாருங்கள். 2010இல் 10 வெற்றி, 6 தோல்வி. கழுத்து அறுவைச் சிகிச்சையால் 2011 முழுவதும் அவர் ஆடவில்லை. 2 வெற்றி, 14 தோல்வி. வேறு காயங்களும் அணியின் மற்றக் குறைகளும் இதில் சேர்ந்திருக்கும் என்பதை ஒப்புக்கொண்டாலும், ஓர் ஆள் எவ்வளவு பெரிய அணியைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார் என்பதை மறைக்க முடியாது.

ஜோ மான்டானா விஷயத்தில் இந்தச் சோதனை சிக்கலாகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் யங் 1992, 1994 ஆண்டுகளில் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதான எம்விபியை வாங்கினார், ஒரு சூப்பர் பவுலில் ஆறு டச்டவுன் எறிந்தார். அப்படியானால் பயிற்சியாளர் பில் வால்ஷ் வகுத்த ஆட்டமுறைதான் இருவரையும் தூக்கிவிட்டதா? ஓரளவுக்கு ஆம். ஆனால் 1993இல், 37 வயதில், மான்டானா கான்சாஸ் சிட்டிக்குப் போய் அந்த அணியைச் சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டம் முன்னால் வரை கொண்டுபோனார். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து ஆட்டத்தைப் பாருங்கள்

எண்கள் சொல்லாத ஒன்றை ஒரு முழு ஆட்டம் சொல்லும். சூப்பர் பவுல் நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வருவதால், தூக்கம் பெரிதென்று நினைப்பவர்கள் பழைய ஆட்டங்களில் தொடங்கலாம். நான் பரிந்துரைப்பது 1989 ஜனவரி 22 அன்று மயாமியில் நடந்த 23ஆவது சூப்பர் பவுல். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ், சின்சினாட்டி பெங்கால்ஸ்.

எல்லாரும் இதன் கடைசி மூன்று நிமிடங்களைத்தான் பார்க்கிறார்கள். 13-16 என்று பின்தங்கிய நிலையில், தன் எல்லையிலிருந்து வெறும் 8 யார்டில் தொடங்குகிறார் மான்டானா. பதற்றத்தில் இருந்த சக ஆட்டக்காரரிடம், கூட்டத்தில் நின்ற ஜான் கேண்டி என்ற நகைச்சுவை நடிகரைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தார் என்பது பிரபலமான கதை. பிறகு சின்னச் சின்ன எறிகள், கடிகாரத்தை நிறுத்தும் ஓர எறிகள், 92 யார்டு. 34 நொடி மீதமிருக்கும்போது ஜான் டெய்லரிடம் டச்டவுன். 20-16.

அதற்குக் கொஞ்சம் முன்னால், நான்காம் கால் பகுதியின் தொடக்கத்துக்குப் போங்கள். 6-13 என்ற நிலை. எதிரணி எல்லையருகே மான்டானா எறிந்த ஒரு பந்து நேராகப் பெங்கால்ஸின் லூயிஸ் பில்லப்ஸ் கைகளுக்குப் போகிறது. இன்டர்செப்ஷன் என்று எழுந்தவர்கள் உட்காருவதற்குள் பந்து நழுவிக் கீழே விழுகிறது. அடுத்த முயற்சியிலேயே ஜெர்ரி ரைஸுக்கு டச்டவுன், ஆட்டம் சமன். நான்கு சூப்பர் பவுல்களில் 122 எறிகள், 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை என்ற மான்டானாவின் புகழ்பெற்ற கணக்கு அந்த நழுவலின் மேல்தான் நிற்கிறது. பில்லப்ஸ் பிடித்திருந்தால் அந்தப் பூஜ்ஜியம் ஒன்றாகியிருக்கும். ஒருவேளை நான்கு கோப்பைகள் மூன்றாகியிருக்கும். மான்டானாவின் திறமை அணுவளவும் மாறியிருக்காது.

இப்போது மோதிரங்களை எடுங்கள்

சூப்பர் பவுல் வென்றவர்களுக்கு மோதிரம் தருவார்கள். அதனால்தான் ரசிகர்கள் மோதிரக் கணக்குப் பேசுகிறார்கள். அதை முழுவதும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பெரிய ஆட்டத்தில் நன்றாக ஆடுவது ஒரு திறமைதான். ஆனால் ஒவ்வொரு மோதிரத்தையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

மேனிங் இதற்குச் சிறந்த பாடம். 2013இல் டென்வர் பிராங்கோஸுக்காக 55 டச்டவுன், 5,477 யார்டு எறிந்து இரண்டு சாதனைகளையும் தன் பெயரில் எழுதினார். சூப்பர் பவுலில் சியாட்டில் அணியிடம் 8-43 என்று தோற்றார். 2015இல் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 9 டச்டவுனுக்கு 17 இன்டர்செப்ஷன். நவம்பர் 15 அன்று லீக் வரலாற்றிலேயே அதிக யார்டு எறிந்தவர் என்ற சாதனையைப் பிரெட் ஃபார்விடமிருந்து பறித்தார். அதே ஆட்டத்தில் 20 எறிகளில் 5 மட்டுமே சேர்ந்து, 4 இன்டர்செப்ஷன் கொடுத்து, 0.0 ரேட்டிங்கோடு பாதியில் வெளியேற்றப்பட்டார். பந்தைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் 39.6 கிடைத்திருக்கும்! அந்தப் பருவத்தில்தான் டென்வர், தடுப்பாட்டத்தின் தயவில், சூப்பர் பவுலை வென்றது. அவர் வாழ்க்கையின் மகத்தான பருவத்துக்கு மோதிரம் இல்லை, மோசமான பருவத்துக்கு இருக்கிறது. மோதிரத்தை மட்டும் எண்ணுகிறவர் இதில் எதைப் பார்க்கிறார்?

பிரேடியின் மோதிரங்களுக்கும் இதே சோதனை வையுங்கள். 2017 பிப்ரவரியில் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு எதிராக 3-28 என்று கிடந்து 34-28 என்று வென்ற ஆட்டத்தில் அவர் எறிந்தது 62 தடவை, 466 யார்டு. அசுர உழைப்பு. ஆனால் நான்காம் கால் பகுதியில் அட்லாண்டா குவாட்டர்பேக் மேட் ரையனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்தது டான்டா ஹைடவர். இன்னொரு 3 புள்ளி எடுத்தால் போதும் என்ற தூரத்துக்கு அட்லாண்டா வந்தபோது ரையனைச் சாய்த்துப் பின்னுக்குத் தள்ளியது ட்ரே ஃபிளவர்ஸ். அந்த இரண்டு சமயங்களிலும் பிரேடி களத்துக்கு வெளியே நின்றார். அடுத்த ஆண்டுச் சூப்பர் பவுலில் 505 யார்டு எறிந்தும் ஃபிலடெல்பியாவிடம் 33-41 என்று தோற்றார். முந்தையதற்கு முழு மதிப்பெண், பிந்தையதற்குப் பூஜ்ஜியம் என்பது என்ன நியாயம்?

வரிசை எண் வேண்டாம், அடுக்குகள் போதும்

ஒன்று முதல் இருபது வரை எண் போட்டால் 11ஆவதுக்கும் 12ஆவதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். முதல் அடுக்கில் நான்கைந்து பேர், அடுத்ததில் எட்டுப் பத்துப் பேர் என்று வையுங்கள். முதல் அடுக்குக்குள் மட்டும் வரிசை எண் போடுங்கள்.

என் முதலிடம் பிரேடிதான், ஆனால் ஏழு மோதிரங்களுக்காக அல்ல. 2000இல் 199ஆவது ஆளாகத் தேர்வானவர் 23 பருவங்கள் ஆடினார். 2007, 2010, 2017 என்று பத்தாண்டு இடைவெளியில் மூன்று எம்விபி. வேறு பயிற்சியாளர், வேறு ஊர் என்று டாம்பாவுக்குப் போயும் வென்றார். 2021இல், 44 வயதில், 5,316 யார்டும் 43 டச்டவுனும் எறிந்து இரண்டிலும் லீக்கில் முதலிடம். மோதிரங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த நீளத்துக்கு இணையில்லை.

இரண்டாவது மேனிங். இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வழக்கமான பருவத்துக்குப் பிறகு வரும் பிளேஆஃப் ஆட்டங்களில் 14 வெற்றி, 13 தோல்வி என்ற கணக்கை நீட்டுவார்கள். ஐந்து எம்விபி, இரண்டு வேறு அணிகளில். கோட்டில் நின்றபடியே எதிரணியின் நிலையைப் படித்து ஆட்டத்தை மாற்றியமைக்கும் கலையை அவர் அளவுக்குக் கொண்டுபோனவர் இல்லை. போதாததற்கு 2011இன் அந்த 14 தோல்விகள். மூன்றாவது மான்டானா, நான்காவது யூனைடஸ். இந்த இருவரை இடம் மாற்றிப் போட்டால் நான் வாதாட மாட்டேன்.

இரண்டாம் அடுக்கில் கிரஹாம், மரினோ, யங், பிரீஸ், நான்கு எம்விபி வாங்கிய ஆரோன் ராட்ஜர்ஸ், ஜான் எல்வே, ரோஜர் ஸ்டாபாக், பார்ட் ஸ்டார், மூன். ஃபார்வ் மூன்று எம்விபியோடும் 336 இன்டர்செப்ஷனோடும் வாசலில் நிற்கிறார். உள்ளே விடலாமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஜோ நேமத் பெயரை யாராவது எடுத்தால், 173 டச்டவுனுக்கு 220 இன்டர்செப்ஷன் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள். புகழ் வேறு, தரவரிசை வேறு.

மஹோம்ஸின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். 29 வயது ஆவதற்குள் மூன்று சூப்பர் பவுல், மூன்றிலும் ஆட்ட நாயகன் விருது, இரண்டு எம்விபி. உச்சத்தை மட்டும் அளந்தால் இன்றே முதல் அடுக்கு. வாழ்நாளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று முதலில் எழுதி வைத்ததால் நான் இரண்டாம் அடுக்கின் உச்சியில் நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும். மற்றவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.